வாளை இழந்த காப்புத் தட்டுகள்

ஐரோப்பிய நகரங்களின் பழம்பொருட் சந்தைகளிலே, வெள்ளிக் கரண்டிகளுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவே, உள்ளங்கை அளவினதான ஓர் இரும்புத் தட்டுச் சில வேளைகளிற் கிடக்கக் காணலாம். நடுவே ஆப்பு வடிவில் ஒரு துளை; சில தட்டுகளில் அதன் இருமருங்கிலும் சிறு துளைகள். அறியாதோர் ஏதோ இயந்திரத்தின் உறுப்பென்று கடந்து போவர். யப்பானிய வாளின் பிடிக்கும் அலகுக்கும் இடையில் இருந்த காப்புத் தட்டே அது. யப்பானியர் அதனை 'ட்சுபா' என்பர்.

எதிரியின் வாள்வீச்சைத் தடுப்பதற்கே இத்தட்டு என்று பலர் எண்ணுவதுண்டு. அதனிலும் முதன்மையான பணி, குத்தும் வேளையில் வீரனின் கை தன் வாளின் கூரிய அலகின் மீதே வழுக்கிச் செல்லாது காப்பதாகும். வாளின் நிறையைச் சமன் செய்வதிலும் அதற்குப் பங்குண்டு. நடுத்துளையினூடாக அலகின் காம்பு பிடிக்குள் செல்லும். பக்கத் துளைகளுள் ஒன்று, உறையிற் செருகியிருக்கும் சிறு கத்திக்கு வழிவிடுவது. மற்றையது தலைமயிரைத் திருத்தும் ஊசி போன்ற கருவிக்கு. நடுத்துளையின் மேலும் கீழும் செப்புத் துண்டுகள் அடித்துப் பொருத்தப்பட்டிருக்குமாயின், அத்தட்டு ஒரு வாளிலிருந்து இன்னொரு வாளுக்கு மாற்றப்பட்டுத் தலைமுறைகள் கண்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

1603 முதல் 1868 வரை நீடித்த எடோ காலம், யப்பானில் நெடிய அமைதி நிலவிய காலம். வாள் போர்க்களத்தை மறந்து இடுப்பில் அணியும் தகுதிச் சின்னமாயிற்று. காப்புத் தட்டும் அவ்வாறே கலைப்பொருளாயிற்று. இரும்பை வெட்டிக் கொக்கும் செவ்வந்தியும் அலையும் தெரியும்படி செய்தோர் ஒருபுறம். கருநிற உலோகத்தின் மீது மீன்முட்டைகளை நெருக்கமாய்ப் பரப்பியதுபோல் நுண்புள்ளிகளை வரிசை பிசகாமல் அடித்து, அதன்மேற் பொன்னுருவங்களைப் பதித்தோர் மறுபுறம். இரண்டாம் வகைக்குப் பெயர்போனது கோட்டோ குடும்பம். 15 ஆம் நூற்றாண்டில் கோட்டோ யூஜோ தொடக்கிய இக்கைவினை வழி பல தலைமுறைகளாக ஆட்சியாளருக்குப் பணி செய்தது. தென்மேற்கே ஹிகோ நாட்டில் அடக்கமும் எளிமையும் கொண்ட இரும்புத் தட்டுகள் தனி மதிப்புப் பெற்றன. தம் இறுதி ஆண்டுகளை அந்நாட்டிற் கழித்த வாள்வீரர் மியமோட்டோ முசாஷி தாமே தட்டுகள் செய்தார் என்று கூறி, சிலவற்றை அவர் பெயரில் வழங்குவர். எமக்கு ஹிகோத் தட்டுகளே பொன்வேலைகளிலும் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் இது சுவை பற்றிய விடயம்.

கருநிற உலோகம் என்றோம். 'ஷக்குடோ' எனப்படும் அது, செம்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை பொன் கலந்தது. 'ஷிபுயிச்சி' செம்பும் வெள்ளியும் கலந்தது; அச்சொல்லின் பொருளே 'நாலில் ஒன்று' என்பதாகும். வார்த்தெடுத்த நிலையில் இவை சாதாரண செம்பு போலவே தோன்றும். துருவிய முள்ளங்கியிலே தோய்த்து, பின்னர் செப்புப்புக்கள் கலந்த நீரிற் கொதிக்க வைக்கும்போதே ஷக்குடோ நீலம் கலந்த கருமையையும், ஷிபுயிச்சி சாம்பல் நிறத்தையும் பெறுகின்றன. அந்நிறம் மேலே தீட்டிய வர்ணமன்று. உலோகத்தின் மேற்பரப்பில் தானே விளைந்த மெல்லிய படிவு. அதைத் தேய்த்தால் நிறம் போய்விடும்.

1876 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆம் நாள் மெய்ஜி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. படையினரும் காவற்றுறையினரும் சடங்கு உடையிலுள்ள சிலரும் தவிர்ந்த எவரும் பொதுவிடத்தில் வாள் அணிதல் ஆகாது என்பதே அது. அதே ஆண்டில் சாமுராய் குடும்பங்களுக்குப் பரம்பரையாய் வழங்கப்பட்டு வந்த படிகளும் நிறுத்தப்பட்டுக் கடன்பத்திரங்களாக மாற்றப்பட்டன. ஒரு முழு வகுப்பாரின் வேலையும் வருமானமும் அடையாளமும் ஒருங்கே போயின. நேற்றுவரை இடுப்பில் இருந்தது இன்று அடகுக்கடைக்குப் போயிற்று. வீட்டுத் தாலிக்கொடியையும் காப்பையும் விற்றுப் பயணச்செலவு கண்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டாகையால், அக்காட்சியை நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வாங்குவோர் அற்றுப்போனதும் தட்டுச் செய்தோரின் பிழைப்பும் வீழ்ந்தது. சிலர் ஏற்றுமதிக்கென்று பூச்சாடிகளும் சிகரெட் பெட்டிகளும் செய்து அதே உளியால் உயிர்வாழ்ந்தனர். கனோ நட்சுவோவின் கதை அவர்களுள் நல்வாய்ப்புப் பெற்றவரின் கதை. 1828 இல் கியோட்டோவிற் பிறந்து வாளணிகள் செய்து புகழ்பெற்ற அவர், புதிய அரசின் நாணயங்களுக்கு வடிவம் செதுக்கினார். பின்னர் ரோக்கியோ நுண்கலைப் பள்ளியில் ஆசிரியரானார். 1898 இல் மறைந்தார்.

வாள்களிலிருந்து கழற்றப்பட்ட தட்டுகள் கப்பலேறி ஐரோப்பா வந்தன. சிறியவை, பாரமற்றவை, உடையாதவை; வணிகருக்கு இதிலும் வசதியான சரக்கு வேறில்லை. 1878 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த ஹயாஷி தடமாசா, அந்நகரிலேயே தங்கி யப்பானியக் கலைப்பொருள் வணிகரானார். தாம் சேர்த்த ட்சுபாக்களில் ஒரு தொகுதியை லூவருக்கு அளித்தார். ஜேர்மனியின் ஹம்பேர்க் அருங்காட்சியகத்திலே பணிபுரிந்த ஹரா ஷின்கிச்சி, வாளணிக் கைவினைஞர் பற்றிய நூலொன்றை ஜேர்மன் மொழியில் 1902 இல் வெளியிட்டார். இங்கிலாந்தில் இரசாயன அறிஞர் ஆதர் சேர்ச் திரட்டியவை இன்று ஒக்ஸ்போர்ட்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளன. உலோகங்களின் நிறம் பற்றிய ஆய்வும் அவரை இத்தட்டுகளின்பால் ஈர்த்திருக்கலாம் என்பது எமது ஊகம்.

இன்று வாங்க விழைவோருக்குச் சில கூற வேண்டும். வார இறுதியிற் சந்தையிற் கடை விரித்துக் கைச்செலவுக்கு வழிதேடும் நம்மவர் சிலரிடமும் இப்பொருள் வந்து சேரக்கூடும். முதலில், வார்ப்புப் போலிகள். பழைய நல்ல தட்டைப் பதித்து அச்செடுத்து வார்த்தவை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே உல்லாசப் பயணிகளுக்கு விற்கப்பட்டன, இப்போதும் செய்யப்படுகின்றன. துளைகளின் உட்சுவரை உற்றுப் பாருங்கள். அங்கே அச்சின் இணைப்புக்கோடு தெரிந்தாலும், மேற்பரப்பில் நுண்குமிழிக் குழிகள் இருந்தாலும், செதுக்கலின் விளிம்புகள் உருகியதுபோல் மழுங்கியிருந்தாலும் விலகிவிடுங்கள். அடித்து உருவாக்கிய இரும்பைத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் என்பர். அதை மட்டும் நம்பி முடிவெடுத்தல் தகாது.

இரண்டாவது, ஒப்பம். நடுத்துளையின் அருகே செய்தவர் பெயர் வெட்டப்பட்டிருப்பதுண்டு. பெயர் இருந்தாற் பெறுமதி என்று மயங்கலாகாது. நோபுயியே போன்ற பெரும் பெயர்களைப் பிற்காலத்தார் தாராளமாக வெட்டியிருக்கின்றனர். பெயரற்ற நல்ல தட்டு, பொய்ப்பெயர் தாங்கிய சுமாரான தட்டிலும் மேலானது. ரோக்கியோவிலே 1948 இல் நிறுவப்பட்ட யப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் தட்டுகளைப் பரிசீலித்துச் சான்றிதழ் வழங்குகிறது. இப்போதைய படிநிலைகள் 1982 இல் வந்தவை. அதற்கு முந்திய சான்றிதழ்களுள் பச்சைத்தாளில் வந்தவற்றை அனுபவமுள்ளோர் ஐயத்துடனேயே நோக்குவர்.

மூன்றாவது, மிகவும் முக்கியமானது: துடைத்து மினுக்காதீர்கள். கம்பித் தூரிகை, அமிலம், பித்தளை மினுக்கும் பசை எதுவும் ஆகாது. இரும்பின் கருமையான பழந்தோல் போய்விட்டால், அத்தட்டின் விலையிற் பெரும்பகுதி ஒரு மாலைப்பொழுதிற் போய்விடும். செந்துரு படிந்திருந்தால், எலும்பு அல்லது மான்கொம்புத் துண்டால் நாட்கணக்கிற் பொறுமையாகச் சுரண்டி, பருத்தித் துணியாற் தேய்ப்பதே மரபு. ஷக்குடோவையும் ஷிபுயிச்சியையும் தொடாமலே விடுவது நன்று. எம் இனசனங்களின் வீடுகளில் பித்தளை விளக்கைப் புளியிட்டு மினுக்கும் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டு வரலாகாது.

விற்போர் செய்யும் ஒரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். முழுமையான வாளுடன் உறை, பிடி, அணிகள் யாவும் ஒன்றாய் வந்து சேரும்போது, தனித்தனியே விற்றாற் கூடுதல் காசு என்று அவற்றைப் பிரிப்போர் உளர். பெருவாளுக்கும் சிறுவாளுக்கும் ஒரே கைவினைஞர் சோடியாகச் செய்த தட்டுகளை இருவருக்கு விற்பதும் நடக்கிறது. ஒருமுறை பிரிந்தால், அவை மீண்டும் சேர்வது அரிது. டுசெல்டோர்வ் நகரின் ஓவியர் கேயோர்க் ஓடர் திரட்டிய பெருந்தொகுப்புக்கு 1915 இல் நல்ல பட்டியல் நூல் வெளிவந்தது. தொகுப்போ இரண்டாம் உலகப்போரின் குழப்பத்தில் மறைந்தது. அதிலிருந்த தட்டொன்று எங்காவது தலைகாட்டினால் அடையாளம் காண்பதற்கு அந்நூலின் படங்களே துணை.

ஆகவே விற்பவர் எவராயினும், இருபுறமும் படமெடுத்து, அளவும் நிறையும் எழுதி, எவரிடமிருந்து எப்போது பெற்றார் என்பதையும் ஒரு தாளிற் குறித்துப் பொருளுடன் கொடுக்க வேண்டும். பழைய மரப்பெட்டியில் வந்திருந்தால், அப்பெட்டியின் மூடியில் அறிஞர் ஒருவர் எழுதிய குறிப்பு இருக்கலாம். அதை மட்டும் தனியே பிரித்து வேறொரு தட்டை வைத்து விற்போரும் உளர். பெட்டியிலுள்ள எழுத்தையும் தட்டையும் ஒப்பிட்டுப் பாராமல் காசை நீட்டாதீர்கள்.