உங்களுக்குத் தெரியுமா? முட்டு பிரித்ததில் சரிந்த மாடிகள்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், 1973 மார்ச் 2 அன்று கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடி ஒன்று 23-வது தளத்திலிருந்து தரைவரை சரிந்தது. 14 தொழிலாளர்கள் மாண்டனர். காரணம்: மேலே கான்கிரீட் கொட்டும்போதே, இறுகாத 23-வது தளத்தின் முட்டுகளைப் பிரித்தது.

● 10-க்கு 10 அடி அறைக்கு 5 அங்குல தளம் போட்டால், முட்டுகள் தாங்குவது கிட்டத்தட்ட 3 டன்!

● சாதாரண சிமென்ட் தளத்துக்கு, இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது: 4.5 மீட்டர் அகலம் வரை முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் தாண்டிய பீமுக்கு 21.

● சன்ஷேடில் முட்டை நுனியிலிருந்து சுவரை நோக்கிப் பிரிக்க வேண்டும்.

● முட்டின் அடியைக் குனிந்து பாருங்கள். ஈர மண்ணில் உடைந்த செங்கல்லா? உடனே பலகை வைக்கச் சொல்லுங்கள்.