மலைச்சரிவுத் துவிச்சக்கரவண்டி: சட்டகத்தின் ஆயுளும் அதிர்வுதாங்கி அமைப்பும்

ஒரு பொறியின் வடிவத்தைத் தனியொருவரின் மதிநுட்பம் பெற்றெடுத்த விளைவாகக் கருதுவது வழக்கம். ஆயின் எந்தப் பொறியும் இயற்கை விதிகள், கிடைக்கும் மூலப்பொருள், உற்பத்தி முறை, சொத்துரிமைச் சட்டம் ஆகியவற்றின் நெருக்குதலுக்கிடையே உருவாகிறது. மலைச்சரிவிற் கீழ்நோக்கி ஓட்டப்படும் போட்டித் துவிச்சக்கரவண்டி இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். அதன் சட்டகம் ஏன் உடைகிறது, அதிலுள்ள அதிர்வுதாங்கி அமைப்பு அவ்வுடைவைத் தடுக்கிறதா என்னும் இரு வினாக்களை ஈண்டு ஆராய்வோம். இவை வெவ்வேறு வினாக்களெனப் பொதுவாகக் கருதப்படுகின்றன. இவற்றைப் பிரித்து நோக்குவது தவறு என்பதே எமது கருத்து. அதிர்வுதாங்கி ஓட்டுநரின் உடலைக் காக்கிறது; அதே வேளை சட்டகத்தின் சில சிறு புள்ளிகளிற் சுமையைக் குவிக்கிறது.

1. தோற்றம்

1976 ஒக்ரோபர் 21ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், ரமல்பைஸ் மலையை அடுத்த மண்பாதை ஒன்றில் இளைஞர் சிலர் ஒரு போட்டியை நடத்தினர். ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தூரத்துள் 400 மீற்றர் வரை இறங்கும் பாதை அது. அவர்கள் ஏறியவை 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட, தடித்த ரயர் பூட்டிய பழைய வண்டிகள். மிதியைப் பின்னோக்கி மிதித்தால் இயங்கும் பிறேக்கே அவற்றில் இருந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் சக்கரக் குடத்திலுள்ள கிறீஸ் சூடேறிப் புகைந்துவிடும். மீண்டும் கிறீஸ் அடைக்கவேண்டும். ‘மீள அடைத்தல்’ எனப் பொருள்படும் ‘ரீப்பாக்’ என்ற பெயர் அப்போட்டிக்கு இவ்வாறே வந்தது.

பழைய சட்டகங்கள் இவ்வுழைப்புக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் குறோமியமும் மொலிப்தனமும் கலந்த உருக்குக் குழாய்களைக் கொண்டு இத்தேவைக்கெனவே புதிய சட்டகங்களைச் செய்யத் தொடங்கினார். எனவே மலைத் துவிச்சக்கரவண்டியின் வரலாறு உடைந்த சட்டகத்திலிருந்தே தொடங்குகிறது எனலாம். 1990இல் கொலறாடோ மாநிலத்தின் டுராங்கோ நகரில் முதலாவது அதிகாரபூர்வ உலகப் போட்டி நடைபெற்றபோது, அதிர்வுதாங்கும் முன்கவைகள் சந்தைக்கு வந்திருந்தன. இன்று போட்டி வண்டியின் இரு சக்கரங்களும் ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் வரை மேலெழுந்து தாழக்கூடியன.

2. விசை எங்கே செல்கிறது?

ஓட்டுநரும் வண்டியுமாக 100 கிலோகிராம் திணிவு 2 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். அதன் சக்தி ஏறத்தாழ 1,960 யூல். அதிர்வுதாங்கி இல்லாத வண்டியில் ரயர் மட்டுமே 2 சென்ரிமீற்றர் அளவுக்கு அமுங்கி இச்சக்தியை ஏற்கவேண்டுமாயின், சராசரி விசை மொத்த எடையின் நூறு மடங்காகும். அமுங்கும் தூரம் 20 சென்ரிமீற்றராயின் அது பதினொரு மடங்காகக் குறைகிறது. அதாவது ஏறத்தாழ 10,800 நியூற்றன். ஓட்டுநர் முழங்கால்களை மடக்குவதாலும், சமதரையில் விழாது சரிவான நிலத்தில் இறங்குவதாலும் உண்மையில் இது மேலும் குறையும். நிறுத்தும் தூரத்தை நீட்டினால் விசை குறையும் என்பதே அதிர்வுதாங்கியின் அடிப்படைத் தத்துவம்.

சுருள்வில் தான் ஏற்ற சக்தியைச் சேமித்துத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் மட்டும் ஓட்டுநர் தூக்கியெறியப்படுவார். எனவே அதனோடு ஒரு தணிப்பானும் இணைக்கப்படுகிறது. அதனுள் எண்ணெய் சிறு துளைகளினூடாகத் தள்ளப்பட, சக்தி வெப்பமாக மாறுகிறது.

ஆயின் பின்சக்கரம் 200 மில்லிமீற்றர் நகரும்போது அதிர்வுதாங்கியின் தண்டு 75 மில்லிமீற்றர் அளவே நகருகிறது. நெம்புகோல் விதிப்படி, நகரும் தூரம் குறையும் அதே விகிதத்தில் விசை பெருகும். மேற்கூறிய விசையிற் பாதியைப் பின்சக்கரம் ஏற்கிறதெனின், அதிர்வுதாங்கி சட்டகத்துடன் பொருந்தும் ஒற்றை அச்சாணி ஏறத்தாழ 14,400 நியூற்றனைத் தாங்கவேண்டும். இது ஒன்றரைத் தொன் எடைக்குச் சமம். நகரும் தூரம் முழுவதும் தீர்ந்து அமைப்பு அடித்தட்டும் கணத்தில் விசை இதனினும் உயரும். இதனைத் தவிர்க்கவே, சக்கரம் மேலெழ மேலெழ நெம்பு விகிதம் படிப்படியாகக் குறையுமாறு, அதாவது தடை கூடுமாறு, இணைப்புக் கோல்கள் அமைக்கப்படுகின்றன.

3. சங்கிலி என்னும் இடையூறு

பின்சக்கரத்தைத் தாங்கும் அசைபுயம் ஒரு சுழலச்சைப் பற்றி அசைகிறது. சக்கரம் மேலெழும்போது மிதிப்பற்சில்லுக்கும் பின்னச்சுக்கும் இடையிலான தூரம் மாறுவதால் சங்கிலி இழுபடுகிறது. அவ்விழுப்பு மிதியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. பாறை ஒன்றின் மீது மோதும் சக்கரம் மேலே மட்டுமன்றிச் சற்றுப் பின்னேயும் நகர்ந்தால் மோதலின் கடுமை குறையும். அதன்பொருட்டுச் சுழலச்சை உயர்த்தினால் சங்கிலியின் இழுப்பு அதிகரிக்கும். இம்முரண்பாட்டைத் தீர்க்கச் சங்கிலியின் மேற்பகுதியைச் சுழலச்சுக்கு அருகாக ஏற்றிச் செல்லும் சிறு கப்பி ஒன்று சேர்க்கப்படுகிறது. இதனால் இழுப்புக் குறைகிறது. ஆயின் தேயும் உறுப்பு ஒன்று கூடுகிறது.

2015இல் ஒஸ்திரியாவின் லியோகாங் நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் ஆரன் குவின் என்ற அமெரிக்க வீரரின் சங்கிலி தொடக்கத்திலேயே அறுந்தது. அவர் மிதிக்க வழியின்றியே இறங்கி முதலிடம் பெற்றார். இது பெரிதும் அவரது திறமையின் பேறு. ஆயினும் இவ்வகைப் போட்டியில் வேகம் ஈர்ப்பினாலும் உந்தத்தைக் காப்பதனாலும் பெறப்படுகிறது என்பதையும், சங்கிலியின் பிடியற்ற பின்சக்கரம் தடையின்றி அசையக்கூடியது என்பதையும் அந்நிகழ்ச்சி பலருக்கு உணர்த்திற்று.

4. உலோகத்தின் களைப்பு

ஒரு சட்டகம் ஒரே அடியில் உடைவதிலும், பல்லாயிரம் சிறு அடிகளால் மெல்ல வெடித்து உடைவதே பெரும்பான்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மானியப் பொறியியலாளர் ஓகஸ்ற் வூலர் புகைவண்டி அச்சுகளை ஆராய்ந்து, ஒரு தடவையில் எத்தீங்கும் செய்யாத தகைப்புக்கூட மீண்டும் மீண்டும் நேரின் உலோகத்தை உடைக்கும் என நிறுவினார். உருக்குக்கு ஓர் எல்லையுண்டு. தகைப்பு அவ்வெல்லைக்குக் கீழ் இருப்பின் எத்தனை தடவை நேரினும் அது பெரும்பாலும் உடைவதில்லை. அலுமினியக் கலப்புலோகத்துக்கு அத்தகைய திட்டவட்டமான எல்லை இல்லை. அதன் ஆயுள் நீளலாம், முடிவற்றதாகாது.

அவ்வாறாயின் அலுமினியத்தை ஏன் நாடினர்? அதன் அடர்த்தி உருக்கின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றிலொன்று. மீள்தன்மை மட்டும் அவ்வாறே மூன்றிலொன்று. ஆகவே அதே அளவான குழாயாகச் செய்தால் அது நெகிழ்ந்துவிடும். ஆயின் திணிவை மாற்றாது குழாயின் விட்டத்தை இருமடங்காக்கிச் சுவரை மெலிதாக்கினால் வளைவுக்கு எதிரான விறைப்பு நான்கு மடங்காகும். இதனாலேயே இவ்வண்டிகளின் குழாய்கள் பருத்துக் காணப்படுகின்றன. மெலிந்த சுவர் கல் பட்டவுடன் நசுங்கும் என்பதே இவ்வழியின் எல்லை.

பெரிதும் பயன்படும் 6061 எனும் கலப்புலோகத்தை உருக்கி ஒட்டும்போது ஒட்டின் அருகே அதன் வலிமை பெருமளவு குறைகிறது. ஆகவே முழுச் சட்டகத்தையும் ஏறத்தாழ 530 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, நீரிற் சடுதியாகக் குளிரவைத்து, பின் 175 பாகையளவில் பல மணிநேரம் வைத்துப் பதப்படுத்துவர். சடுதிக் குளிர்ச்சியாற் சட்டகம் சற்றுக் கோணும். அதனை நேராக்க வேண்டும். இவ்வேலை செம்மையாக நடவாவிடின் சுழலச்சுத் துளைகள் ஒரே நேர்கோட்டில் அமையா. அதிர்வுதாங்கியின் தண்டு பக்கவாட்டாக அழுத்தப்பட்டுத் தேயும், அச்சாணி இளகும், இளகிய மூட்டில் ஒவ்வோர் அடியும் சம்மட்டி அடியாக மாறும். இவ்வாறு தொழிற்சாலையில் நேர்ந்த மிகச் சிறு கோணல், நெடுநாட்களின் பின் ஒரு வெடிப்பாக வெளிப்படுகிறது.

முன்கவையைத் தாங்கும் தலைக்குழாயின் அருகே வெடிப்புத் தோன்றுவது சாதாரணம். அவ்விடத்தை வலுப்படுத்த முக்கோணத் தகடு ஒட்டுவதுண்டு. அத்தகடு சடுதியாக முடியும் ஓரத்திலேயே தகைப்பு குவிவதால், வெடிப்பு இடம்பெயருமேயன்றி எப்போதும் மறைந்துவிடுவதில்லை. உலோகத்தைக் கூட்டுவது வலிமையைக் கூட்டுவதாகாது. காபன் நார்ச் சட்டகம் களைப்பை நன்கு தாங்கும். ஆயினும் கல்லடியால் அதன் உட்படைகள் பிரிந்திருப்பது வெளியே புலப்படாதிருக்கக்கூடும்.

5. சட்டமும் நியமமும்

அசைபுயத்தில் பின்னச்சுக்குச் சற்று முன்னே ஒரு மூட்டை அமைத்தால் பிறேக்கின் விசை அதிர்வுதாங்கியின் இயக்கத்திற் குறுக்கிடுவது குறையும். ஹோஸ்ற் லைற்னர் வகுத்த இம்முறையின் அமெரிக்கக் காப்புரிமையை 1998இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் வாங்கிற்று. ஏனையோர் அந்நாட்டில் உரிமைப் பணம் செலுத்தினர்; அல்லது மூட்டை வேறிடத்தில் வைத்தனர். ஆகவே அக்காலத்துச் சட்டகங்களின் உருவ வேறுபாடுகள் அனைத்தையும் இயக்கவியலைக் கொண்டு விளக்க முற்படுவது வீண். அவற்றுட் சில காப்புரிமையின் விளைவுகள்.

நியமங்களின் நிலையும் சிந்திக்கத்தக்கது. துவிச்சக்கரவண்டிகளுக்கான 4210ஆம் இலக்கச் சர்வதேச நியமம், மலைவண்டியின் சட்டகம் 1,200 நியூற்றன் மிதிவிசையை 100,000 தடவை தாங்கவேண்டும் என விதிக்கிறது. ஆயின் அதே நியமம், போட்டி போன்ற கடும் பயன்பாட்டுக்கென அமைக்கப்பட்ட வண்டிகளைத் தனது எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. மிகக் கூடிய விசையைத் தாங்கும் வண்டிக்கே இந்நியமம் பொருந்துவதில்லை. அதன் உறுதி உற்பத்தியாளரின் சொந்தச் சோதனையையும் அவரது பொறுப்புணர்வையும் நம்பியிருக்கிறது.

முடிவுரை

அதிர்வுதாங்கி மோதலை மென்மையாக்கிற்று. அம்மென்மை வேகத்தைக் கூட்டிற்று. கூடிய வேகம் சட்டகத்தின் சில அச்சாணிகளிலும் ஒட்டுகளிலும் முன்னிலும் பெரிய சுமையை ஏற்றிற்று. ஓட்டுநர் உணரும் சுகம் சட்டகத்தின் நலத்துக்கு அளவுகோலாகாது. தொழில்முறை வீரரின் சட்டகம் களைக்குமுன் மாற்றப்படும். அதே சட்டகத்தை இரண்டாங் கையாக வாங்கும் இளைஞனோ, அது எத்தனை அடிகளை ஏற்றதென அறியாமலே மலையேறுகிறான். சட்டகமொன்றின் எதிர்பார்க்கப்படும் ஆயுளையும், அது உட்படுத்தப்பட்ட சோதனைகளையும், வெடிப்புக்காகப் பார்க்கவேண்டிய இடங்களையும் உற்பத்தியாளர் வெளிப்படுத்தவேண்டும் எனக் கோருவது மிகையன்று. உலோகம் களைப்பது இயற்கை விதி. அக்களைப்பை வாங்குவோர் அறியாதிருப்பது மனிதர் செய்த ஏற்பாடு. பின்னையது மாற்றக்கூடியது.