மூளைக்குள் ஒரு ராஜகிரி!

செஞ்சியில் ராஜகிரி மலை ஏறியவர்களுக்குத் தெரியும். பாதி வழியிலேயே நெஞ்சு படபடக்கும். நா வறளும். வியர்வை கொட்டும்.

"போதும், இறங்கிவிடலாம்" என்று உடம்பு கெஞ்சும். "இவ்வளவு தூரம் வந்து உச்சியைப் பார்க்காமல் திரும்புவதா?" என்று மனம் அதட்டும்.

கெஞ்சுவது யார்? அதட்டுவது யார்? இரண்டும் ஒரே மூளைதான்!

காவலனும் ராஜாவும்

மூளையின் அடிப்பக்கத்தில் "ஹைபோதலாமஸ்" என்ற பகுதி இருக்கிறது. பாதாம் பருப்பு அளவுதான். எடை சுமார் 4 கிராம். பசி, தாகம், உடம்புச் சூடு, கோபம் வந்தால் எழும் படபடப்பு எல்லாம் அதன் பொறுப்பு. இது அடிவாரத்துக் காவலன்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி, யோசிக்கும், பொறுக்கும், முடிவு செய்யும். இது உச்சியில் இருக்கும் ராஜா.

ராஜகிரி உச்சியை அடைய, ஆழமான பிளவின் மேல் போட்ட பாலத்தைத் தாண்ட வேண்டும் அல்லவா? அதுபோல ராஜாவையும் காவலனையும் இணைப்பவை மெல்லிய நரம்பு இழைகள். செய்தி கீழேயும் வரும், மேலேயும் போகும்.

தெரியாமல் வெட்டினார்கள்!

1935-ல் போர்ச்சுகல் நாட்டு டாக்டர் எகாஸ் மோனிஸ், மனநோயாளிகளுக்கு நெற்றிப் பக்கத்து நரம்பு இழைகளைத் துண்டிக்கும் ஆபரேஷனைத் தொடங்கினார். 1949-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால் நடந்தது என்ன? சிலருடைய ஆவேசம் அடங்கியது. பலருடைய சுறுசுறுப்பும் ஆசையும் சேர்ந்தே போய்விட்டன! எந்த இழை எங்கே போகிறது என்பது அன்று சரியாகத் தெரியாது. பிற்காலத்தில் அந்த ஆபரேஷன் கைவிடப்பட்டது.

சாயம் காட்டிய வழி

செஞ்சிக் கல்யாண மகாலுக்கு மண் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. புதைந்த குழாய் எங்கே போகிறது என்று அறிய என்ன செய்யலாம்? ஒரு முனையில் சாயத்தை ஊற்றி, எங்கே வெளிவருகிறது என்று பார்க்கலாம்.

விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்தார்கள். நரம்பு தானே சுமந்து செல்லும் சாயம் போன்ற பொருள்களைக் குரங்கின் மூளையில் செலுத்தினார்கள். 1998-ல் அமெரிக்காவில் ஓங்கூர், ஆன், பிரைஸ் ஆகியோர் முடிவை வெளியிட்டார்கள். நெற்றி மூளையின் நடுப்பக்கத்திலிருந்துதான் ஹைபோதலாமஸுக்கு ஏராளமான இழைகள் இறங்குகின்றன!

உயிரோடு இருக்கும் மனிதர் மூளையில் இப்படிச் சாயம் செலுத்த முடியாது. அதனால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவுகிறது. இழையில் உள்ள நீர், இழையின் போக்கிலேயே அதிகம் அசையும். அந்த அசைவை வைத்துப் பாதையைக் கணிக்கிறார்கள். ஆனால் தனி இழை அதில் தெரியாது.

சென்னையில் மூளைப் படம்

நுட்பமாகப் பார்க்க, மூளையை மெல்லிய சீவல்களாக்கிப் படம் எடுக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் அதைச் செய்கிறது. கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 சீவல்களில் காட்டும் "தரணி" என்ற தொகுப்பை 2024 டிசம்பரில் அது வெளியிட்டது.

வழி தெரிந்தால்தான் வைத்தியமும் தவறாது. இழைகளைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிய காலம் மறுபடி வரக் கூடாது அல்லவா?