நைனிடால் ஏரியின் அடியாழத்தில் காற்று செலுத்தப்படுவது ஏன்?

உத்தரகண்ட் மாநிலம், நைனிடால் நகரின் நடுவே அமைந்துள்ள ஏரி சுற்றுலாத் தலம் மட்டுமல்ல. அந்நகரின் முக்கிய குடிநீர் ஆதாரமும் ஆகும். ஏறத்தாழ 27 மீட்டர் வரை ஆழமுள்ள இந்த ஏரியின் அடிப்பகுதியில் குழாய்கள் மூலம் காற்று செலுத்தும் திட்டம் 2007-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

இரண்டாகப் பிரியும் நீர்

கோடையில் வெயிலால் சூடேறும் மேற்பரப்பு நீர் எடை குறைந்து மேலேயே தங்கிவிடுகிறது. குளிர்ந்த, அடர்த்தியான நீர் அடியில் தேங்குகிறது. இவ்விரு அடுக்குகளும் எளிதில் கலப்பதில்லை. இதனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அடிப்பகுதியைச் சென்றடைவதில்லை.

கழிவுநீருடன் வந்து சேரும் கழிவுகளும், மடிந்த பாசிகளும் அடியில் மட்கும்போது, அங்கு எஞ்சியிருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடு போன்றவை அந்த நீரில் சேர்கின்றன. குளிர்காலத்தில் மேற்பரப்பு நீரும் குளிர்ந்து கீழிறங்கும்போது அடுக்குகள் கலக்கின்றன. அப்போது ஆக்சிஜனற்ற நீர் ஏரி முழுவதும் பரவி, மீன்கள் இறக்க நேரிடுகிறது. காற்று செலுத்தும் திட்டத்துக்கு முன்பு, நைனிடால் ஏரியில் குளிர்காலங்களில் மீன்கள் இறந்து மிதந்ததற்கு இதுவே காரணம்.

குமிழிகளின் பணி

கரையிலுள்ள கம்ப்ரசர்கள் அனுப்பும் காற்று, ஏரியின் அடியில் பொருத்தப்பட்ட வட்டத் தகடுகளின் நுண்துளைகள் வழியே குமிழிகளாக வெளியேறுகிறது. மேலெழும் குமிழிகள் அடிநீரையும் உடன் இழுத்து வருகின்றன. மேற்பரப்பை அடையும் அந்த நீர், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பெற்று மீண்டும் கீழிறங்குகிறது. நீரில் ஆக்சிஜன் சேர்வதில் குமிழிகளைக் காட்டிலும் இந்தச் சுழற்சிக்கே பெரும் பங்கு உண்டு.

முழு ஏரியையும் கலக்கினால் அடிநீர் வெப்பமடையும். குளிர்நீரை நாடும் உயிரினங்களுக்கு அது பாதகமாகலாம். எனவே, சில நாடுகளில் அடுக்குகளைக் கலைக்காமல் அடிநீருக்கு மட்டும் ஆக்சிஜன் அளிக்கப்படுகிறது.

நிரந்தரத் தீர்வா?

ஸ்விட்சர்லாந்தின் பால்டெக், செம்பாக் ஏரிகளில் 1980-களில் இருந்து, கோடையில் அடிநீருக்கு ஆக்சிஜன் அளிப்பதும் குளிர்காலத்தில் காற்றால் நீரைக் கலக்குவதும் மேற்கொள்ளப்பட்டன. எனினும், பாசி வளர்ச்சிக்குக் காரணமான பாஸ்பரஸ் அடிச்சேற்றிலிருந்து வெளியேறுவது எதிர்பார்த்தபடி குறையவில்லை என்பது பத்தாண்டு கால ஆய்வில் தெரியவந்தது. வெளியிலிருந்து வரும் பாஸ்பரஸைத் தடுத்ததே அங்கு பலனளித்தது.

செயற்கைக் காற்றோட்டம் ஏரிக்கு உயிர்மூச்சு அளிக்கும்; ஆனால், நோயைக் குணப்படுத்தாது. கழிவுநீர் கலப்பதைத் தடுக்காதவரை, கம்ப்ரசர்கள் நின்றால் ஏரியும் மீண்டும் மூச்சுத் திணறும்.