வடக்கின் பெருஞ்சமர்

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் முற்பகுதி வந்தடுத்ததும் யாழ்ப்பாண நகரில் பேச்செல்லாம் ஒரே பேச்சாகிவிடும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் கிரிக்கட் ஆட்டமே அது. ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்பது மக்கள் அதற்கு இட்ட பெயர். கழகங்களிலே பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. நம் நாட்டுப் பாடசாலைக் கிரிக்கட்டிலோ பருவம் முடியும் தறுவாயில் வரும் ஆட்டத்துக்கே பெருமை. அதுவரை ஆடிய ஆட்டங்களெல்லாம் இதற்கு ஒத்திகையாகவே கருதப்படும். இந்த ஆட்டத்தைப் பார்க்கச் செல்வோர் அதன் வரலாற்றையும் நுட்பத்தையும் ஓரளவு அறிந்து செல்வது நன்று.

இரு கல்லூரிகளும் முதுமை வாய்ந்தவை. 1816இல் வெஸ்லியன் மிஷனார் தொடங்கிய பாடசாலையே இன்றைய மத்திய கல்லூரி. நாவலர் பெருமான் மாணவராகப் பயின்றதும், பின்னர் பேர்சிவல் பாதிரியாரின் கீழ் ஆசிரியராக இருந்ததும் அங்கேதான். 1823இல் திருச்சபை மிஷனார் நல்லூரிலே நிறுவிய ஆங்கிலப் பாடசாலை பிற்காலத்தில் சுண்டிக்குளியில் நிலைபெற்றுப் பரியோவான் கல்லூரியாயிற்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சைக்கிளிற் சென்றால் சிறிது நேரப் பயணமே. ஒரு வீட்டில் அண்ணன் ஒன்றிலும் தம்பி மற்றொன்றிலும் படிப்பதுண்டு. தாய்மாமன் ஒரு கொடியையும் மருமகன் மறு கொடியையும் பிடிப்பதுண்டு. இந்தப் போட்டியின் சூடு பகையாற் பிறந்ததன்று, நெருக்கத்தாற் பிறந்தது.

முதல் ஆட்டம் 1904இல் நடைபெற்றது. இலங்கை தனது முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை 1982இல்தான் ஆடியது என்பதை நினைத்தால் இதன் பழைமை விளங்கும். கொழும்பிலே றோயல் கல்லூரியும் பரி. தோமாவின் கல்லூரியும் 1879 முதல் ஆடி வருவதை யாவரும் அறிவர். குடாநாட்டிலும் இதனைத் தொடர்ந்து பிற கல்லூரிகள் தத்தம் பெருஞ்சமர்களை ஏற்படுத்திக்கொண்டன. யாழ்ப்பாணக் கல்லூரியும் பரி. பத்திரிசியார் கல்லூரியும் 1917 முதல் ஆடிவருவது அவற்றுள் ஒன்று.

இனி ஆட்டத்தின் நுட்பத்தைப் பார்ப்போம். இது இப்பொழுது மூன்று நாள் ஆட்டம். ஒவ்வோர் அணியும் இரு முறை துடுப்பெடுத்தாடலாம். எதிரணியின் வீரரை இருமுறையும் ஆட்டமிழக்கச் செய்து, அவர்களிலும் கூடிய ஓட்டங்களைப் பெற்றிருத்தலே வெற்றிக்குப் பொதுவான வழி. ஓட்டங்களை மலைபோற் குவித்தாலும், மாலைப்பொழுது வரை எதிரணியின் கடைசி இருவர் நின்று தாக்குப்பிடித்துவிட்டால் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும். ஆகவே ஓட்ட எண்ணிக்கையை மட்டும் நோக்குவோர் ஆட்டத்தின் பாதியையே காண்கின்றனர். மற்றப் பாதி கடிகாரத்தில் இருக்கிறது.

கவனிக்கத்தக்க கட்டங்கள் மூன்று. முதலாவது, நாணயச் சுழற்சியும் அதனை அடுத்த முதல் ஒரு மணி நேரமும். பெருங்கூட்டத்தின் முன் முதன்முறை நிற்கும் இளைஞனின் கால்கள் அப்பொழுதுதான் நடுங்கும். இரண்டாவது, முதலாம் ஆட்டவாய்ப்பில் எந்த அணி எவ்வளவு முன்னிலை பெறுகிறது என்பது. கிரிக்கட் விதிகளின்படி மூன்று நாள் ஆட்டத்தில் அந்த முன்னிலை 150 ஓட்டங்களை எட்டினால், எதிரணியை உடனே மீண்டும் துடுப்பெடுத்தாடுமாறு பணிக்கலாம். மூன்றாவது, இறுதி நாளில் அணித்தலைவன் தன் ஆட்டத்தை நிறுத்திக்கொள்வதாக அறிவிக்கும் நேரம். முந்தி அறிவித்தால் எதிரணி இலக்கை எட்டிவிடலாம். பிந்தி அறிவித்தால் அவர்களை வீழ்த்தப் பொழுது போதாது. வெல்ல விரும்புகிறவன் தோற்கவும் துணிதல் வேண்டும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் வகுப்பறையை நான் அறியேன்.

ஆடுகளத்தையும் கவனித்தல் வேண்டும். நெடுங்காலமாக யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பாய் விரித்த ஆடுகளத்திலேயே பழகி வந்தனர். பாயிற் பந்து கூடுதலாக எழும்பும். நன்கு திரும்பவும் செய்யும். புற்றரை ஆடுகளத்திற் பழகிய அணியை எதிர்கொள்ளும்போது இது நம் பிள்ளைகளுக்குப் பெருந்தடையாயிற்று. அத்தடைகளையும் தாண்டி மேலெழுந்தோர் உண்டு. மத்திய கல்லூரியின் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக் போட்டிகளிலும் 2024இல் இந்தியன் பிரீமியர் லீக் போட்டிகளிலும் ஆடினார். இந்தச் சமரில் ஆடிய ஒருவர் அவ்விடத்தை அடைந்தது குடாநாட்டுச் சிறுவர்க்கெல்லாம் ஊக்கமாயிற்று.

ஆட்டம் நடைபெறும் மத்திய கல்லூரி மைதானம் கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அணித்தே உள்ளது. 1981இல் அந்நூலகம் எரியுண்டது. 1990இல் அக்கோட்டை முற்றுகையிடப்பட்டது. அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டிச் சேவையும் நின்றுபோயிற்று. 1995 ஒக்டோபரில் நகரமே வெறுமையாகி மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தனர். ‘சமர்’ என்னும் சொல்லை விளையாட்டுக்கு வைத்துக்கொண்ட ஊர், மெய்யான சமரை அதே தெருக்களிற் கண்டது.

ஒரு கிரிக்கட் ஆட்டத்தின் பொருட்டு உயிர் ஈந்தவரும் உண்டு. பரியோவான் கல்லூரி அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன் 1985 ஜூன் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்க்கும் இராணுவத்தினர்க்கும் இடையே ஓர் ஆட்டத்தை ஒழுங்குசெய்தமையே அதற்குக் காரணமெனக் கூறப்பட்டது. அதிபர் நாற்காலியில் அமர்ந்திருப்போர் எவரும் இச்செய்தியை எளிதிற் கடந்துபோக இயலாது.

போர் ஓய்ந்தது. 2014 ஒக்டோபரில் புகைவண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. கொழும்பிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் பழைய மாணவர்கள் இந்த மூன்று நாட்களுக்காகவே ஊர் வருகின்றனர். பாண்டு வாத்தியமும் கொடியும் ஆரவாரமும் பெருகுகின்றன. அவை வேண்டியவையே. எனினும் அதே 2014ஆம் ஆண்டில் இந்த ஆட்டத்தின்போது எழுந்த கைகலப்பில் ஓர் இளைஞன் உயிரிழந்தான் என்பதையும் நாம் மறத்தலாகாது. விளையாட்டுக்கும் சண்டைக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு மிக மெல்லியது. மைதானத்தின் உள்ளே அதனை நடுவர் காக்கிறார். வெளியே அதனைக் காக்க நம்மைத் தவிர வேறு யாருமில்லை.

ஆடுவோர் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். இச்சமரில் ஆடும் வாய்ப்பு ஒருவனுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளே கிட்டும், பலருக்கு ஒருமுறைதான். தவறவிட்ட ஒரு பிடியை அவன் நாற்பது ஆண்டுகளின் பின்னும் நினைத்து வருந்துவான். ஆகையால் மைதானத்துக்குச் செல்லும் பெரியோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரிப் பிள்ளை நாலோட்டம் அடித்தால் மகிழ்ந்து ஆரவாரியுங்கள். எதிரணிப் பிள்ளை அரைச்சதம் கடந்தால் அதற்கும் ஒருமுறை கைதட்டுங்கள். எதிரே நின்று ஆட அவன் வந்திராவிடின் நமக்கு ஆட்டமே இல்லை. போட்டியாளன் வராத ஆண்டுகள் எத்தகையன என்பதை யாழ்ப்பாணம் நன்கு அறியும்.