இலங்கை இறுதிப் போர்: தில்லி செய்ததும் செய்யாததும்

புது தில்லி: 2008-ம் ஆண்டு அக்டோபர் 26-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை அதிபரின் சகோதரரும் ஆலோசகருமான பசில் ராஜபட்ச, தில்லியில் அன்றைய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜியைச் சந்தித்துப் பேசினார். அன்றே பிரணாப் சென்னைக்கு விரைந்து முதல்வர் கருணாநிதியிடம் பேச்சின் விவரத்தை எடுத்துரைத்தார்.

வன்னியில் போரை இரு வாரங்களுக்குள் நிறுத்தாவிட்டால் தமிழக எம்.பி.க்கள் பதவி விலகுவார்கள் என்று அக்டோபர் 14-ல் சென்னையில் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டம் முடிவு செய்திருந்தது. கொட்டும் மழையில் மனிதச் சங்கிலியும் நடந்திருந்தது. ஆனால் போர்நிறுத்தம் பற்றி எந்த உறுதிமொழியும் வரவில்லை. 800 டன் நிவாரணப் பொருள்களை இந்தியா அனுப்பும் என்ற அறிவிப்புதான் வந்தது. ராஜிநாமா பேச்சு அத்துடன் ஓய்ந்தது.

போரின் கடைசி ஏழு மாதங்களில் இலங்கை தொடர்பாக தில்லி மேற்கொண்ட அணுகுமுறையின் சாரம் அந்த ஒரு நாளிலேயே அடங்கியிருந்தது எனலாம். போரை நிறுத்தச் சொல்லி அழுத்தம் தருவதில் தயக்கம். போரில் சிக்கியோருக்கு உதவுவதில் தாராளம்.

பழைய காயம்

தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1987-ம் ஆண்டு ஜூன் தொடக்கத்தில், ராமேசுவரத்திலிருந்து மீன்பிடிப் படகுகளில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய நிவாரணப் பொருள்களை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4-ம் தேதி, மிராஜ் போர் விமானங்களின் காவலுடன் சென்ற இந்திய விமானப்படையின் சரக்கு விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது சுமார் 25 டன் உணவு, மருந்துப் பொருள்களைப் போட்டுவிட்டுத் திரும்பின. "பூமாலை' என்று அதற்குப் பெயரிடப்பட்டது. எட்டு வாரங்களில் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதன்பின் நடந்தது அனைவரும் அறிந்ததே. அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை விடுதலைப் புலிகளுடன் போரிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் நாடு திரும்பியது. 1991 மே 21-ல் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் படுகொலை செய்யப்பட்டார். 1992-ல் புலிகள் இயக்கம் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அந்த இயக்கத்தைக் காப்பாற்றும் விளைவு கொண்ட எந்த நடவடிக்கையையும் எடுக்க எந்தப் பிரதமருக்கும் அதன்பின் மனம் வந்திருக்காது. ஆனால், புலிகளைக் காப்பாற்றுவதும் புலிகளின் பிடியிலும் ராணுவத்தின் குண்டு வீச்சிலும் சிக்கிய மக்களைக் காப்பாற்றுவதும் வெவ்வேறு என்பதைத் தில்லி எந்த அளவுக்குப் பிரித்துப் பார்த்தது என்பதே இன்றும் கேட்கப்படும் கேள்வி.

மூவர் குழுக்கள்

வெளியே தெரிந்ததைவிட உள்ளே தொடர்பு நெருக்கமாகவே இருந்தது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன், வெளியுறவுச் செயலர் சிவசங்கர் மேனன், பாதுகாப்புச் செயலர் விஜய் சிங் ஆகியோர் இந்தியத் தரப்பிலும், பசில் ராஜபட்ச, பாதுகாப்புச் செயலர் கோத்தபய ராஜபட்ச, அதிபரின் செயலர் லலித் வீரதுங்க ஆகியோர் இலங்கைத் தரப்பிலும் இடைவிடாத தொடர்பில் இருந்தனர். 2008 செப்டம்பரில் வவுனியா ராணுவத் தளத்தைப் புலிகள் தாக்கியபோது, அங்கிருந்த இந்திய ரேடார் தொழில்நுட்பப் பணியாளர்கள் இருவர் காயமடைந்தனர். இந்தியா வழங்கிய ரேடார்கள் இலங்கையில் செயல்படுவது அதன் மூலம்தான் தமிழகத்தில் பரவலாகத் தெரியவந்தது. அவை தற்காப்புக்கு மட்டுமே என்ற விளக்கம் தமிழகத்தில் எடுபடவில்லை.

2009 ஜனவரி 27-ல் பிரணாப் கொழும்பு சென்று அதிபர் மகிந்த ராஜபட்சவைச் சந்தித்தார். ராணுவ வெற்றிகள் அரசியல் தீர்வுக்கு ஒரு வாய்ப்பு என்ற கருத்தில் இந்தியத் தரப்பு பேசியது. இரண்டு நாள்களில் சென்னை சாஸ்திரி பவன் முன்பு முத்துக்குமார் தீக்குளித்து இறந்தார். மத்திய அரசு அலுவலகங்கள் உள்ள கட்டடம் அது.

ஏப்ரல் 24-ல் நாராயணனும் மேனனும் கொழும்பு சென்றனர். 27-ம் தேதி காலை அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் தொடங்கிய கருணாநிதி, கனரக ஆயுதங்கள் பயன்படுத்தப்பட மாட்டா என்று இலங்கை அறிவித்ததும் நண்பகலில் முடித்துக்கொண்டார். தமிழகத்தில் வாக்குப்பதிவுக்கு அப்போது 16 நாள்களே இருந்தன. அந்த அறிவிப்புக்குப் பிறகும் குண்டுவீச்சு நிற்கவில்லை என்பதை ஐ.நா. பொதுச் செயலர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் பதிவு செய்தது. இறுதிக் கட்டத்தில் 40 ஆயிரம் பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்றும் அக்குழு கூறியது.

புல்மோட்டை மருத்துவமனை

உதவி என்ற வகையில் இந்தியாவின் கணக்கு சிறியதன்று. 2008 நவம்பரில் தமிழக மக்களிடம் திரட்டிய சுமார் 1,700 டன் பொருள்கள் சென்னையிலிருந்து கப்பலில் சென்றன. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் மூலம் அவை வன்னியில் வழங்கப்பட்டன. பின்னர் அனுப்பியவற்றையும் சேர்த்து இரண்டரை லட்சம் குடும்பங்களுக்கான பொட்டலங்கள் சென்றதாக வெளியுறவு அமைச்சகம் கூறுகிறது.

இவற்றில் தனித்துக் குறிப்பிட வேண்டியது, 2009 மார்ச்சில் திருகோணமலை மாவட்டம் புல்மோட்டையில் திறக்கப்பட்ட இந்திய அவசர மருத்துவமனை. போர்ப் பகுதியில் இருந்து காயமடைந்தோர் வெளியேறத் தரைவழி அடைபட்டிருந்தது. புதுமாத்தளன் கடற்கரையிலிருந்து செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில்தான் அவர்கள் வர முடிந்தது. உடன் வந்த உறவினர்களையும் சேர்த்து 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு கடல்வழியே வெளியேற்றப்பட்டனர். புல்மோட்டையில் அவர்களை ஏற்றது இந்திய மருத்துவர்கள்தாம். போர் முடிந்து ஏறத்தாழ 3 லட்சம் பேர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டபோது, மருத்துவமனையும் மெனிக் பார்ம் முகாம் பகுதிக்கு மாறியது. செப்டம்பர் வரை ஆறு மாதங்களில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அங்கு சிகிச்சை அளிக்கப்பட்டது. அரசியல் முடிவுகளில் தயங்கிய ஒரு நாடு, அறுவை மேஜையில் தயங்கவில்லை.

2009 மத்திய பட்ஜெட்டில் மறுவாழ்வுக்கு ரூ.500 கோடி ஒதுக்கப்பட்டது. கூரைத் தகடுகள், சிமெண்ட், விவசாயக் கருவிகள், 500 டிராக்டர்கள், கண்ணிவெடி அகற்றும் குழுக்கள் சென்றன. 2010-ல் அறிவித்த 50 ஆயிரம் வீடுகள் திட்டம் மெதுவாகவே நகர்ந்தது. முதல் ஆயிரம் வீடுகள் முடியவே 2012 ஆகிவிட்டது.

ஜெனீவாவில் மாறிய வாக்கு

போர் முடிந்த பத்து நாள்களுக்குள், 2009 மே 27-ல், ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலின் சிறப்புக் கூட்டத்தில் இலங்கை தானே கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 29 நாடுகளின் ஆதரவுடன் அது நிறைவேறியது. 2012 மார்ச்சில் அமெரிக்கத் தீர்மானத்தை ஆதரித்து இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. 2013-ல் திமுக மத்திய ஆட்சியிலிருந்து விலகிய இரண்டு நாள்களில் மீண்டும் எதிராக வாக்களித்தது. 2014, 2021, 2022-ல் வாக்கெடுப்பில் பங்கேற்கவில்லை. ஆட்சி மாறியும், இலங்கை அரசமைப்பின் 13-வது திருத்தத்தை முழுமையாகச் செயல்படுத்த வேண்டும் என்ற வாசகம் மட்டும் மாறவில்லை. அது செயலுக்கு வரவும் இல்லை.

எல்லைக்கு இப்பால்

போரின் மற்றொரு பகுதி இந்திய மண்ணிலேயே நடந்தது. 1983 ஜூலை முதல் 2012 வரை 3,04,269 பேர் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்ததாக மத்திய உள்துறை கணக்கிட்டுள்ளது. இவர்களில் சுமார் ஒரு லட்சம் பேர் 1992 - 95-ல் திருப்பி அனுப்பப்பட்டனர். 2021-ல் தமிழகத்தின் 108 முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேரும், முகாம்களுக்கு வெளியே சுமார் 34 ஆயிரம் பேரும் இருந்தனர். ஒடிசாவில் ஐம்பத்துச் சொச்சம் பேர்.

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி முகாம் பெரிய முகாம்களுள் ஒன்று. அதற்கு வடக்கே சிறிது தொலைவில் ஆந்திர எல்லை. அதைத் தாண்டினால் தடா, வரதய்யபாளையம். தமிழ் பேசுவோர் எல்லையின் இருபுறமும் உண்டு. முகாமும் உதவித்தொகையும் ரேஷனும் தமிழக எல்லையோடு நின்றுவிடுகின்றன. 1951-ம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தேசியச் சட்டமும் இல்லை. எனவே "அகதி' என்ற நிலை, தமிழக அரசின் ஆணைகளை நம்பியே நிற்கிறது. 2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ரூ.317.40 கோடி திட்டங்களை அறிவித்தார். அதில் 7,469 வீடுகள் கட்டுவதும் அடங்கும். முகாம்களின் பெயர் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது. பெயரை மாநிலம் மாற்றலாம். குடியுரிமை மத்திய அரசின் கையில் உள்ளது. 2019-ம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. முகாம்களில் பிறந்து, முகாம்களிலேயே மணம் முடித்து, பெற்றோராகிவிட்ட தலைமுறையும் வெளிநாட்டினர் பட்டியலில்தான் உள்ளது.

2022-ல் பொருளாதாரம் சரிந்து இலங்கை தத்தளித்தபோது, இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. தமிழக அரசு அனுப்பிய அரிசி, பால் பவுடர், மருந்துகளின் முதல் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து மே 18-ம் தேதி புறப்பட்டது. இம்முறை அது தமிழர்களுக்கு மட்டுமன்றி, இலங்கை மக்கள் அனைவருக்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. முள்ளிவாய்க்காலின் 13-வது நினைவு நாளும் அதுவே.

2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஓர் ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்கிறது அது. நாற்பது ஆண்டுக் கால அச்சத்தில் ஒரு பகுதி நீங்கியது. குடியுரிமை பற்றி அதில் எதுவும் இல்லை. 2022-ல் பசிக்குப் பயந்து தனுஷ்கோடி மணல்திட்டில் வந்திறங்கி மண்டபத்தில் தங்கவைக்கப்பட்ட குடும்பங்கள் அந்தத் தேதிக்குப் பின் வந்தவை.