முகச்சுருக்கத்துக்கு மைக்ரோநீட்லிங்: ஊசியில் எதைக் கவனிக்கணும்?

முகச்சுருக்கம் குறைய மைக்ரோநீட்லிங் செய்யலாமா? நுண்ணிய ஊசிகளால் தோலில் சின்னச் சின்னத் துளைகள் போடுவார்கள். அந்தக் காயம் ஆறும்போது புது கொலாஜன் உருவாகி, மெல்லிய சுருக்கங்கள் மங்கும். ஒரே தடவையில் மாற்றம் வந்துடாது; சில மாதங்கள் ஆகும்.

கூடவே, நம் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவையும் முகத்தில் செலுத்தினால் அதுதான் ‘வேம்பயர் ஃபேஷியல்’. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் இதைச் செய்துகொண்ட 3 பெண்களுக்கு அங்கிருந்தே எச்ஐவி தொற்றியிருக்கலாம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் தெரிவித்தது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய கருவிகளை அங்கே மறுபடியும் பயன்படுத்தியதாகத் தெரியவந்தது.

அதனால் ஆஃபரைப் பார்த்துப் போகாதீங்க. தோல் மருத்துவரிடமே போங்க. ஊசிமுனை பாக்கெட்டை உங்க கண் முன்னாடியே பிரிக்கச் சொல்லுங்க. டெர்மாரோலரை யாரோடும் பகிராதீங்க.